லெவல் 5 கம்பெனியும் மூணு கலர் பேனாவும்

அக்கா பையன் போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வந்தான். சும்மா வர்ற ஆள் இல்லை அவன். ஒண்ணு பைக் ரிப்பேரா இருக்கணும், இல்லைன்னா அவங்கம்மாகிட்ட சொல்ல முடியாத விஷயம் ஏதாவது இருக்கணும். இந்தத் தடவை கையில ரெண்டு ஆஃபர் லெட்டர். ஒண்ணு பேரைச் சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய கம்பெனி. இன்னொண்ணு அடையாறுல ஒரு பேங்க்குக்கு மேல ரெண்டாவது மாடில முப்பது பேரை வெச்சு நடத்துற சின்ன கம்பெனி. சம்பளத்துல பெரிய வித்தியாசம் இல்லை.

"மாமா, நீங்க இருபத்தஞ்சு வருஷமா பொட்டி தட்டுறீங்களே, இதுல எது நல்ல டீம்?"னு கேட்டான்.

வழக்கமா சொல்றதைச் சொன்னேன். பெரிய கம்பெனிக்குப் போடா, பிஎஃப் ஒழுங்கா கட்டுவான், லெவல் 5 வேற. பையன் விடலை. "அது கம்பெனி மாமா. நான் கேட்டது டீம்."

பதில் வரலை எனக்கு. தங்கமணி கொடுத்த காபியைக் குடிச்சிட்டு, வா கொஞ்சம் நடந்துட்டு வரலாம்னு அவனைக் கூட்டிக்கிட்டு கிளம்பினேன். தெப்பக்குளத்தை ரெண்டு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள அவன்கிட்ட சொன்னதும், சொல்லாம முழுங்கினதுமா சேர்ந்ததுதான் இது. கொஞ்சம் நீளம். ஆணி குறைவா இருக்கிற நாள்ல படிங்க.

2000-ம் வருஷத்துல இருந்து ஆரம்பிக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்ங்கிறது ஒரு காரணம். அந்த ஜூலைலதான் மத்திய கைலாஷ் தாண்டி தரமணில டைடல் பார்க்கை வாஜ்பாய் வந்து திறந்து வெச்சார். அந்தப் பக்கம் பஸ்ல போனா எல்லாரும் ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்பாங்க. அடுத்த மாசமே, ஆகஸ்ட்ல, நியூயார்க்குல இருந்து ஜோயல் ஸ்போல்ஸ்கிங்கிறவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு டீம் நல்ல டீமான்னு தெரிஞ்சுக்க பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஆமா இல்லைனு பதில், மூணு நிமிஷ வேலை. இன்னிக்கும் அதை ஜோயல் டெஸ்ட்னுதான் சொல்றோம். அதே 2000-லதான் நம்ம சென்னைல ஒரு சாஃப்ட்வேர் தர நிறுவனத்துக்கு வாட்ஸ் ஹம்ஃப்ரினு ஒரு அமெரிக்கர் பேரை வெச்சாங்க. தெருவுக்கும் பாலத்துக்கும் தலைவர்கள் பேரை வெச்சுப் பழகின ஊர்ல, சாஃப்ட்வேர் தரத்துக்காகவே ஒருத்தர் பேரை வெச்சது எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

ஹம்ஃப்ரி ஐபிஎம்ல கால் நூற்றாண்டுக்கு மேல இருந்துட்டு 1986-ல பிட்ஸ்பர்க்ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோட சாஃப்ட்வேர் என்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தவர். அந்த இடத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவத் துறை. அவங்க பிரச்சினை ரொம்ப எளிமையானது. காண்ட்ராக்ட் கேட்டு பத்துப் பேர் வர்றான், எவன் சொன்ன தேதில சொன்னதைக் கொடுப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? (அக்கா பையன் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான்.) அதுக்காகப் பிறந்ததுதான் சிஎம்எம். லெவல் 1-னா ஆளாளுக்கு ஒரு திசை, எவனாவது ஒரு கில்லாடி ராத்திரி கண்முழிச்சுக் காப்பாத்துவான். லெவல் 2-னா போன தடவை செஞ்சதை இந்தத் தடவையும் செய்யத் தெரியும். லெவல் 3-ல கம்பெனி முழுக்க ஒரே முறை, எழுத்துல. 4-ல எல்லாத்துக்கும் அளவு. 5-ல அந்த அளவை வெச்சு தன்னைத் தானே திருத்திக்கிறது.

நம்மாளுங்க இதைப் பிடிச்ச பிடி இருக்கே! தொண்ணூறுகள்லேயே பெங்களூர்ல மோட்டோரோலா லெவல் 5 வாங்கிடுச்சு. அதுக்கப்புறம் வரிசையா எல்லாரும். 2000-க்கு அப்புறம் ஒரு கட்டத்துல உலகத்துல இருந்த லெவல் 5 இடங்கள்ல பாதிக்கு மேல இந்தியாவுலதான் இருந்தது. காரணம் புரியாதது இல்லை. அமெரிக்கால ஒரு பேங்க்காரனுக்கு நம்ம மூஞ்சி தெரியாது, நம்ம ஊர் தெரியாது. எதை நம்பி வேலையைக் கொடுப்பான்? சர்டிஃபிகேட்டைக் காட்டினோம், கொடுத்தான். அந்தப் பணத்துலதான் ஓஎம்ஆர் வந்தது, வேளச்சேரி ஏரி பக்கத்துல ஃபிளாட் வந்தது, எனக்கும் ஒரு ஹோம் லோன் வந்தது.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2004 ஜனவரி. தி.நகர்ல வடக்கு உஸ்மான் ரோட்டை ஒட்டின ஒரு சந்துல எங்க ஆபீஸ். கம்பெனி பேர் வேண்டாம். வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு பிரீமியம் கணக்குப் போடுற வேலை. நான் அப்ப மாட்யூல் லீடு, எனக்குக் கீழ அஞ்சு பேர். பிப்ரவரில அசெஸ்மென்ட்னு தேதி குறிச்சாச்சு. குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல இருந்து ஒருத்தர் செக்லிஸ்ட்டோட வந்து உட்கார்ந்து பார்த்தார். நாப்பது சொச்சம் புரோகிராமுக்கு கோட் ரிவ்யூ பண்ணின ரெக்கார்டே இல்லை. இல்லாததுக்குக் காரணம், ரிவ்யூ பண்ணலை. பண்றதுக்கு நேரம் கொடுக்கலை.

எங்க டேமேஜர் கொஞ்சமும் பதறலை. பாண்டி பஜார் போய் மூணு கலர்ல பேனா வாங்கிட்டு வந்தார். நீலம், கறுப்பு, பச்சை. ஒரு சனிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து நாலு மாசத்து ரிவ்யூ ஃபாரத்தை ஒரே நாள்ல எழுதினோம். மதியம் சாம்பார் சாதம் ஆபீஸ் செலவுல. எல்லாத்துலயும் 'பிழை: பூஜ்யம்'னு போட்டா நம்ப மாட்டாங்கன்னு ஒண்ணுல ரெண்டு, ஒண்ணுல மூணுன்னு மாத்தி மாத்திப் போட்டோம். ஒரு ஃபாரத்துல காபி டம்ளர் வட்டம்கூட வெச்சோம், இயற்கையா இருக்கணும்ல. எழுதி முடிச்சுப் பார்த்தா ஒரு தேதி மாட்டுப் பொங்கல் அன்னிக்கு விழுந்திருக்கு. ஆபீஸே லீவு! விழுந்து விழுந்து சிரிச்சோம். கிழிச்சுப் போட்டு வேற எழுதினோம்.

டீம்ல ஒரு பொண்ணு, சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. மாம்பலத்துல ஹாஸ்டல்ல தங்கி வேலைக்கு வந்துக்கிட்டிருந்தா. அது மட்டும் பேனாவை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது. "சார், இந்த ரிவ்யூ நடக்கவே இல்லையே சார்"னு மெதுவா சொன்னது. நான் சொன்ன பதில் அட்சரம் மாறாம ஞாபகம் இருக்கு. "நடந்திருந்தா என்ன எழுதியிருப்பியோ அதை எழுதும்மா."

எழுதிக் கொடுத்தது. நான் பச்சை பேனால கையெழுத்துப் போட்டேன்.

அசெஸ்மென்ட் நல்லபடியா முடிஞ்சது. வந்தவர் ரொம்ப மரியாதையானவர். அந்தப் பொண்ணையே கூப்பிட்டு, ரிவ்யூ எல்லாம் பண்ணுவீங்களான்னு கேட்டார். பண்ணுவோம் சார்னு சொன்னது. கம்பெனிக்கு லெவல் கிடைச்சது. ஆளுக்கு ஒரு டி-ஷர்ட், அரைக் கிலோ மைசூர்பா.

மூணு வாரம். 2004 லீப் வருஷம்ங்கிறதை அந்தப் பொண்ணு எழுதின ஒரு புரோகிராம் யோசிக்கலை. பிப்ரவரி 29 ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை காலைல நாங்க வர்றதுக்குள்ள, ஒழுங்கா பணம் கட்டின ஆளுங்களுக்கு 'உங்க பாலிசி காலாவதி'ன்னு லெட்டர் பிரிண்ட் ஆகிப் போயிருந்தது. எத்தனை லெட்டர்னு எனக்குக் கடைசி வரைக்கும் யாரும் சொல்லலை. அந்தப் பக்கம் இருந்து வந்த போனோட குரலை வெச்சு கொஞ்சம் இல்லைன்னு மட்டும் தெரிஞ்சது. புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தேதியைக் கூட்டுற இடம் மொத்தமே ஒரு பதினஞ்சு வரி. ரெண்டாவது ஆள் ஒருத்தர் பத்து நிமிஷம் பார்த்திருந்தா மாட்டியிருக்கும்.

இங்கதான் விஷயமே. நாங்க இப்ப லெவல் வாங்கின கம்பெனி. ஒரு தப்பு வெளியே போனா அது எந்தக் கட்டத்துல தப்பிச்சதுன்னு ஆராயணும், அறிக்கை எழுதணும். ஆறு பேர் ரூம்ல உட்கார்ந்தோம். ஃபைலை எடுத்தாங்க. ரிவ்யூ நடந்த தேதி இருக்கு, சின்னப் பிழை ரெண்டு கண்டுபிடிச்சுத் திருத்தினதா இருக்கு, கீழ என் பச்சைக் கையெழுத்து இருக்கு. ஆக, முறைல கோளாறு இல்லை. அப்ப கோளாறு எங்க? எழுதின ஆள்கிட்ட. கவனக்குறைவு, பயிற்சி தேவைன்னு எழுதினாங்க. அந்த ஆறு பேர்ல நாலு பேர் அன்னிக்கு என்கூட சாம்பார் சாதம் சாப்பிட்டவங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நானும்தான். திறந்தா ஒரு ஃபாரம் மட்டும் போகாது, நாப்பதும் போகும், லெவலும் போகும். எனக்கு அப்பதான் லோன் சாங்ஷன் ஆகியிருந்தது.

அப்ரைசல்ல அந்தப் பொண்ணுக்குக் கடைசி ரேட்டிங். ஜூன்ல பேப்பர் போட்டுட்டுக் கிளம்பிடுச்சு. கடைசி நாள் என் சீட்டுக்கு வந்து "வரேன் சார்"னு மட்டும் சொன்னது.

அந்த ஃபாரம் இல்லாமலே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு பல தடவை யோசிச்சிருக்கேன். 'ரிவ்யூ பண்ணலை சார், நேரம் இல்லை, அதான் தப்பிச்சிடுச்சு'ன்னு சொல்லியிருப்போம். திட்டு விழுந்திருக்கும். அடுத்த மாசத்துல இருந்து ரிவ்யூவுக்கு அரை நாளாவது ஒதுக்கியிருப்பாங்க. லெவல் 1-ல இருக்கிற ஒரு மொக்கை டீம்கூட அந்தத் தப்புல இருந்து எதையாவது கத்துக்கிட்டிருக்கும். எங்களால முடியலை, ஏன்னா பேப்பர்ல நாங்க ஏற்கெனவே சரியா இருந்தோம்.

இதுக்கு ஹம்ஃப்ரியைத் திட்டி பிரயோஜனம் இல்லை. மனுஷன் பின்னாடி ஒவ்வொரு புரோகிராமரும் தனக்குன்னு வெச்சுக்கிற ஒரு முறையை எழுதினார். எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் ஆச்சு, எங்க தப்பு பண்ணினேன், எப்ப கண்டுபிடிச்சேன்னு தானே குறிச்சு வெச்சுக்கணும். அந்தக் கணக்கு அவனோடது, மேனேஜர் அதை வெச்சு அவனை அடிக்கக் கூடாதுங்கிறதுல தெளிவா இருந்தார். 2010-ல இறந்துட்டார். சிஎம்எம் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர் ஆபீஸ்கள்ல சோர்ஸ் கோட் யாரோ ஒருத்தர் மெஷின்ல 'ஃபைனல் புதுசு 2'ன்னு ஒரு ஃபோல்டர்ல இருக்கும், அவர் லீவு போட்டா டெலிவரி நிக்கும். அதை ஒழிச்சதுல அதுக்கு நிஜமாவே பங்கு உண்டு. எங்க பழைய குவாலிட்டிக்காரரை இப்பவும் நாகேஸ்வர ராவ் பார்க்ல வாக்கிங் போறப்ப பார்க்கிறேன். "நாங்க தெர்மாமீட்டர் கொடுத்தோம்யா, நீங்க அதை வெந்நீர்ல முக்கிட்டுக் கொண்டாந்து காட்டினீங்க"ன்னு சிரிக்கிறார். ஆனா ஜுரம் இருந்தாதான் சம்பளம்னு சொன்னது யாருன்னு நான் திருப்பிக் கேட்டா, அடுத்த ரவுண்டுக்கு நகர்ந்துடுவார்.

சர்டிஃபிகேட் கம்பெனிக்கு, வேலை டீமுக்கு. பையன் சொன்னது சரிதான். 2021 ஜூன் 7-ம் தேதி வருமான வரித்துறையோட புது தளம் வந்தப்ப மயிலாப்பூர்ல இருந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். இங்க ஆடிட்டர் போர்டு இல்லாத தெரு எது? எங்க ஃபிளாட்லயே ரெண்டு பேர். உள்ளேயே போக முடியலை, போனா ஓடிபி வரலை, வந்தா ஃபாரம் சேவ் ஆகலைன்னு ரெண்டு பேரும் படிக்கட்டுல நின்னு புலம்பினது இன்னும் காதுல இருக்கு. கட்டினது இன்ஃபோசிஸ், லெவல் 5. ஏறக்குறைய 4,242 கோடி ரூபாய்த் திட்டம், 2019 ஜனவரில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நிதியமைச்சர் ட்விட்டர்லயே கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆகஸ்ட் 23 அன்னிக்கு அதோட தலைமை அதிகாரி நேர்ல போய் பதில் சொன்னார். கணக்குத் தாக்கல் செய்ய கடைசித் தேதி தள்ளித் தள்ளி டிசம்பர் 31 வரைக்கும் போச்சு. உள்ளே என்ன நடந்ததுன்னு உள்ளே இருந்தவங்களுக்குத்தான் தெரியும், நான் ஊகிக்க விரும்பலை. ஆனா சர்டிஃபிகேட்டைப் பார்த்து இதை யாராலயும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அவ்வளவுதான் சொல்ல வர்றேன்.

சரி, ஜோயல் கேள்விகளுக்கு வருவோம். சோர்ஸ் கண்ட்ரோல் இருக்கா, ஒரே தட்டுல பில்டு பண்ண முடியுமா, தினமும் பில்டு ஆகுதா, பக் பட்டியல் இருக்கா, புது வேலைக்கு முன்னாடி பழைய பக்கைச் சரி பண்றீங்களா, ஷெட்யூல் நிஜமானதா, ஸ்பெக் இருக்கா, சத்தமில்லாத இடம் இருக்கா, நல்ல கருவிகள் வாங்கித் தர்றாங்களா, டெஸ்டர் இருக்காங்களா, இன்டர்வ்யூல கோட் எழுதச் சொல்றீங்களா, வராண்டால போறவனைப் பிடிச்சு உட்கார வெச்சு இது புரியுதான்னு கேக்கறீங்களா. பன்னிரண்டுக்கு பன்னிரண்டு வாங்கினா நல்லது, பத்தோ அதுக்குக் கீழயோ வந்தா கவலைப்படணும், ஆனா பெரும்பாலான இடங்கள் ரெண்டு மூணுலதான் ஓடுதுன்னு அவர் அப்பவே எழுதினார். எங்க தி.நகர் ஆபீஸுக்குப் போட்டா மூணு வரும். லெவல் வாங்கின பிறகும் மூணுதான் :-)

எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்கும். இன்டர்வ்யூ போறவன் கேக்கலாம், பொய் சொன்னா முதல் நாளே தெரிஞ்சிடும். ஆனா கால் நூற்றாண்டுல அதுவும் தேஞ்சு போச்சு. 2005-ல கிட் வந்தது, இன்னிக்குக் காலேஜ் பசங்களே அதுலதான் வீட்டுப்பாடம் வெச்சிருக்கானுங்க. பில்டு தானா ஓடுது. பக் பட்டியல் எல்லா இடத்துலயும் இருக்கு, உள்ளே நாலாயிரம் பக் தூங்குது. சத்தமில்லாத இடம் மட்டும் இன்னும் எங்கயும் கிடையாது. முக்கால்வாசிக் கேள்விக்குக் காசு கொடுத்தா பதில் 'ஆமா' ஆயிடுதுங்கிறப்ப, அது டீமைப் பத்தி என்ன சொல்லும்?

2018-ல 'ஆக்ஸிலரேட்'னு ஒரு புத்தகம் வந்தது, நிறைய டீம்களைக் கேட்டு ஆராய்ச்சி பண்ணி எழுதினது. எத்தனை தடவை வெளியிடுறீங்க, எழுதின மாற்றம் லைவுக்குப் போக எவ்வளவு நேரம், போனதுல எத்தனை உடையுது, உடைஞ்சா எவ்வளவு நேரத்துல எழுந்திருக்கிறீங்க. நாலே அளவு. நல்ல அளவுகள். ஆனா இதையும் டார்கெட்டாக்கி போனஸோட கட்டின ஒரு இடத்துல நான் வேலை பார்த்திருக்கேன். ரெண்டு மணி நேரம் சைட் படுத்தா, அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அது 'திட்டமிட்ட பராமரிப்பு' ஆயிடும். பேனா கலர் மட்டும்தான் மாறியிருந்தது.

இந்த இடத்துல பையன் குறுக்கே புகுந்தான். "அப்ப எதையுமே அளக்க முடியாதுங்கிறீங்களா மாமா?"

அப்படி இல்லைடா. தி.நகர்ல எந்தப் பெரிய ஜவுளிக்கடைக்கும் போய்ப் பாரு. சேல்ஸ்மேன் புடவையை எடுத்துக் காட்டுவார், பில்லுக்குச் சீட்டு எழுதுவார். பணம் கட்டுறது வேற இடம். புடவை கைக்கு வர்றது டெலிவரி கவுண்டர்ல. அங்க ஒருத்தர் பில்லை ஒரு கையிலயும் புடவையை ஒரு கையிலயும் வெச்சு நம்பரை ஒத்துப் பார்த்து, எண்ணி, முத்திரை குத்தித் தருவார். வாசல்ல செக்யூரிட்டி இன்னொரு தடவை பார்ப்பார். தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, கால் வைக்க இடமில்லாத கூட்டத்துலயும் இந்த வரிசை மாறாது. நம்பர் ஒத்து வரலைன்னா டெலிவரிக்காரர் "அண்ணே, இது தப்பா வந்திருக்கு"ன்னு மாடிக்குக் குரல் கொடுப்பார், அவரும் "சரி அனுப்பு"ம்பார். யாரும் யாரையும் அவமானப்படுத்தினதா நினைக்கிறதில்லை. நான் போன தடவை நின்னப்ப பத்து நிமிஷத்துல ரெண்டு தடவை அந்தக் குரல் கேட்டது. அந்த ரெண்டு குரலை வெச்சுத்தான் அந்தக் கடையை நம்புறேன். ஒரு நாள் முழுக்க ஒரு குரலும் வரலைன்னா அந்த ஆள் பார்க்காமலே முத்திரை குத்துறார்னு அர்த்தம்.

அந்த டெலிவரி கவுண்டர் இல்லாம போனதுக்கு 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்கால நைட் கேப்பிட்டல்ங்கிற பங்குச்சந்தை கம்பெனி விலை கொடுத்தது. புது சாஃப்ட்வேரை எட்டு சர்வர்ல போடணும். போட்ட ஆள் ஏழுல போட்டுட்டு எட்டாவதை விட்டுட்டார். ரெண்டாவது ஆள் பார்க்கணும்னு அங்க எழுதப்பட்ட முறையே இல்லை. அந்த எட்டாவது சர்வர்ல வருஷக்கணக்கா தூங்கிக்கிட்டிருந்த பழைய கோட் ஒண்ணு முழிச்சுக்கிட்டு, சந்தை திறந்ததும் கண்டபடி வாங்கி விக்க ஆரம்பிச்சது. முக்கால் மணி நேரம், 44 கோடி டாலருக்கு மேல நஷ்டம். எனக்கு வயித்தைக் கலக்கின விஷயம் வேற. சந்தை திறக்கிறதுக்கு முன்னாடியே அவங்க சிஸ்டம் ஏதோ தப்புன்னு 97 மின்னஞ்சல் அனுப்பியிருக்கு. யாரும் அதைப் பார்த்து எதுவும் செய்யலை. கெட்ட செய்தி வந்தது, போய்ச் சேர்றதுக்குத்தான் ஆள் இல்லை.

இன்னொரு கதையும் அவனுக்குச் சொன்னேன். 2017 ஜனவரி 31, கிட்லேப். ராத்திரி வேலை பார்த்துக்கிட்டிருந்த என்ஜினியர் ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸையே அழிச்சுட்டார். பேக்கப் எடுக்க அஞ்சு வழி வெச்சிருந்தாங்க, ஒண்ணும் சரியா கைகொடுக்கலை. பேக்கப் எடுக்க முடியலைன்னு போன மின்னஞ்சல்கள் வழியிலயே நிராகரிக்கப்பட்டு யார் கண்ணுலயும் படலை. ஆறு மணி நேரத்துக்கு முந்தின ஒரு நகல் அதிர்ஷ்டவசமா கிடந்தது. ஆக மொத்தம் அதுவும் மோசமான டீம்தானேன்னு தோணும். அன்னிக்கு ராத்திரி வரைக்கும் மோசம்தான். ஆனா அப்புறம் பண்ணினதைப் பாருங்க. என்ன ஆச்சுங்கிறதை உலகம் முழுக்கப் பார்க்கிற மாதிரி எழுதிக்கிட்டே, வீடியோல நேரடியா காட்டிக்கிட்டே சரி பண்ணினாங்க. அழிச்ச ஆளோட பேரை அறிக்கைல போடலை, 'டீம் மெம்பர் 1'னு போட்டாங்க. ஏன் அவர் கைக்கு அந்தக் கட்டளை அவ்வளவு சுலபமா எட்டினது, ஏன் பேக்கப்பை யாரும் சோதிச்சுப் பார்க்கலைன்னுதான் பக்கம் பக்கமா எழுதியிருந்தாங்க.

அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு சாப்பாடு இறங்கலை. எங்க 2004 அறிக்கைல அந்தப் பொண்ணு பேர் மூணு இடத்துல இருந்தது.

அதனால அவன்கிட்ட சொன்னது இதுதான். பன்னிரண்டும் வேண்டாம், நூறும் வேண்டாம். இன்டர்வ்யூ முடிஞ்சு 'எங்களை ஏதாவது கேக்கணுமா'ம்பாங்கல்ல, அப்ப "கடைசியா லைவ்ல என்ன உடைஞ்சது? யார் முதல்ல பார்த்தாங்க, அப்புறம் என்ன மாத்துனீங்க?"ன்னு கேளு. எதுவும் உடையலைன்னு சொன்னா எழுந்து வந்துடு. ஒண்ணு பொய், இல்ல அவங்களுக்கே தெரியலை. ஒரு ஆளோட பேரை மட்டும் சொன்னாலும் யோசி. கதை மாதிரி நீளமா, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டு, 'அதுக்கப்புறம் இதை இப்படி மாத்திட்டோம்'னு முடிஞ்சா அந்த டீம்ல ஏதோ உயிர் இருக்கு. முடிஞ்சா இன்னொண்ணும் கேளு. புதுசா சேர்ந்த ஆள், ரிலீஸுக்கு முந்தின நாள், இது சரியில்லை நிறுத்துங்கன்னு சொன்னா என்ன ஆகும்?

ரிவ்யூ பத்தி மட்டும் தனியா ஒரு வார்த்தை. இப்ப ஏஐ வந்து ஒரே நிமிஷத்துல எண்ணூறு வரி எழுதித் தருது. அதைப் பார்க்க வேண்டிய ஆள் ரெண்டு நிமிஷத்துல 'நல்லாருக்கு'ன்னு ஒரு கட்டை விரலைப் போட்டு அனுப்பறான். சிஸ்டத்துல ரிவ்யூ நடந்ததா தேதி, மணி, பேர் எல்லாம் துல்லியமா பதிவாகுது. நாங்களாவது ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினோம்.

பையன் ரெண்டு இடத்துலயும் கேட்டிருக்கான். பெரிய கம்பெனில ஹெச்ஆர் அம்மா, எங்க பிராஜெக்ட் எல்லாமே ஜீரோ இன்சிடென்ட்னு புன்னகையோட சொல்லிட்டாங்களாம். அடையாறுல இன்டர்வ்யூ பண்ணின பொண்ணு சிரிச்சுட்டு, தீபாவளி ஆஃபர் எஸ்எம்எஸ்ஸை ராத்திரி மூணு மணிக்கு எல்லா கஸ்டமருக்கும் ரெண்டு ரெண்டு தடவை அனுப்பினது நான்தான்னு சொல்லி, அதைப் பத்தி எழுதி வெச்ச பக்கத்தையும் லேப்டாப்ல திறந்து காட்டியிருக்கு. கடைசில 'இனிமே ராத்திரி ஒன்பதுக்கு மேல எஸ்எம்எஸ் போகாது, யார் அமுக்கினாலும்'னு இருந்துதாம்.

சேர்ந்தது பெரிய கம்பெனில. அக்கா வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆகி ஒரு வருஷம்தான் ஆகுது, அங்க அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் உண்டு. அடையாறுல அவனுக்கு மட்டும்தான். நான் ஒரு வார்த்தை சொல்லலை. சொல்ற யோக்கியதையும் இல்லை.

போன வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணினான். சேர்ந்து ஒன்பது நாள் ஆச்சு, இன்னும் லேப்டாப் வரலையாம். கம்பெனி கொள்கைன்னு அறுபது பக்கம் கொடுத்து, 'படித்துப் புரிந்துகொண்டேன்'னு ஒரு கட்டத்துல டிக் பண்ணச் சொன்னாங்களாம், அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள.

"படிச்சியாடா?"

"எங்க மாமா நேரம், பக்கத்து சீட்டுக்காரனோட போன்லதான் திறந்தோம். டிக் பண்ணிட்டேன். எல்லாரும் பண்ணாங்க."